மண்டையும் மகாத்மா பூலேயும்

புனேயில் வேலை கிடைத்து வந்து சேரும் தமிழர், முதல் விடுமுறை நாளில் எங்கே போகிறார்? பெரும்பாலும் விமான் நகரிலோ ஹடப்சரிலோ உள்ள பளபளப்பான வணிக வளாகத்துக்குத்தான். கீழே கடைகள், பக்கத்திலோ மேலேயோ அலுவலகங்கள். வாசலில் காவலாளி பையைத் தடவிப் பார்த்து உள்ளே விடுகிறார். குளிர்ந்த காற்றில் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு, ஒன்றும் வாங்காமல் குடும்பம் வீடு திரும்புகிறது. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குழந்தைகள் ஐஸ்கிரீம் கேட்காதவரை செலவில்லாத பொழுதுபோக்குத்தான்.

ஆனால் கடையையும் அலுவலகத்தையும் ஒரே கூரையின் கீழ் வைக்கும் யோசனை இன்று பிறந்ததல்ல. புனே நகரின் நட்டநடுவில், சுக்ரவார் பேட்டையில், 1886-லேயே அப்படி ஒரு கட்டடம் திறக்கப்பட்டுவிட்டது. அதுதான் மண்டை. பெயரைக் கேட்டதும் ஊருக்குப் புதிய தமிழர் தம் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். தமிழ்நாட்டில் வெங்காய மண்டி, வாழைக்காய் மண்டி என்கிறார்களே, அதற்கு உறவுக்காரச் சொல்தான் இது.

அதற்குமுன் நகரின் காய்கறிச் சந்தை சனிவார் வாடாவின் முன்னே, திறந்த வெளியில் கூடி வந்தது. பேஷ்வாக்களின் கோட்டை வாசலில் கத்தரிக்காயும் கீரையும் விற்றார்கள். அந்தச் சந்தைக்குக் கூரை வேண்டும் என்று நகராட்சி முடிவு செய்தது. நடுவில் எண்கோண வடிவில் ஓர் உயர்ந்த கோபுரம், அதிலிருந்து கிளைகளாக விரியும் கொட்டகைகள் என்று கருங்கல் கட்டடம் எழுந்தது. பம்பாய் கவர்னர் ரே பிரபுவின் பெயரால் ரே மார்க்கெட் என்றார்கள். கீழே வியாபாரம் நடந்தது. மேல் மாடியில் ஒரு காலத்தில் நகராட்சி அலுவலகமே இயங்கியது. தொழில் கண்காட்சிச் சாலை ஒன்றும் அங்கே இருந்தது. அந்தக் கண்காட்சிச் சாலை இன்று கோலே ரோட்டில் மகாத்மா பூலே அருங்காட்சியகமாக இருக்கிறது. நகராட்சி அலுவலகமோ முதலில் விஷ்ராம்பாக் வாடாவுக்கும், பின்னர் சிவாஜி நகருக்கும் போய்விட்டது.

மாடிக்குப் போகும் குமாஸ்தா வெங்காய மூட்டைகளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்திருக்கும். அன்றைய விலை அவர் காதில் விழாமல் போயிருக்காது. வரி போடுகிறவரும் வரி கட்டுகிறவரும் ஒரே வாசலில் நுழைந்த அந்த ஏற்பாடு, கோபுரத்தையும் கல்லையும்விட முக்கியமானது.

இந்தக் கட்டடத்தின் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. இதைக் கட்ட வேண்டாம் என்று சொன்னவரின் பெயரைத்தான் இன்று இது தாங்கி நிற்கிறது.

ஜோதிராவ் பூலே 1876-ல் புனே நகராட்சிக்கு நியமிக்கப்பட்டார். பூ வியாபாரத்தால் பெயர் பெற்ற குடும்பம். காய்கறி வியாபாரமும் அறிந்த குடும்பம். சந்தைக்காரர்களின் சிரமம் அவருக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் லட்சக்கணக்கில் செலவழித்துச் சந்தை மாளிகை கட்டும் திட்டம் நகராட்சிக்கு வந்தபோது அவர் எதிர்த்தார். அந்தப் பணத்தை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிடலாம் என்பது அவர் கட்சி. இதற்குமுன் வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் வருகைக்கு ஊரை அலங்கரிக்க ஆயிரம் ரூபாய் ஒதுக்கியபோதும் இதையேதான் சொன்னார். 32 உறுப்பினர்களில் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே.

அவர் கேட்டது வெறும் வாய்ப் பேச்சல்ல. மண்டையிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், புதவார் பேட்டை பிடே வாடாவில், 1848-ல் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியவர் அவர். மனைவி சாவித்திரிபாய் அங்கே பாடம் சொல்லிக் கொடுத்தார். 1882-ல் ஹண்டர் கல்விக் குழுவின் முன் சாட்சியம் கொடுத்து, ஆரம்பக் கல்வியை ஏழைகளுக்கும் கொண்டுபோக வேண்டும் என்று வாதாடியவரும் அவரே. பெரியார் பிறந்த மூன்றாம் ஆண்டு நிறைவதற்கும் இந்தச் சாட்சியத்துக்கும் அதிக இடைவெளி இல்லை.

பூலே தோற்றார்; கட்டடம் எழுந்தது. பிற்காலத்தில் ஆச்சார்ய அத்ரே நகராட்சியில் இருந்தபோது எடுத்த முயற்சியால் ரே பிரபுவின் பெயர் போய், மகாத்மா பூலே மண்டை என்றாயிற்று. நல்ல காரியம்தான். ஆனால் பெயர் வைத்ததோடு கடன் தீர்ந்ததா?

பூலேயின் எதிர்ப்பைச் சந்தைக்கு எதிரானது என்று பார்ப்பது சரியல்ல. பொதுப்பணத்தில் கட்டும் கட்டடம் யாருக்கு, அதில் கடைசி மனிதனுக்கு இடம் எங்கே என்பதே அதன் உட்பொருள். இன்றும் மண்டைக்குப் போகிறவர் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உள்ளே உயர்ந்த மேடைகளில் காய்களை அடுக்கி நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு வகை. வெளியே சாக்கை விரித்து மேத்தியும் கொத்துமல்லியும் கட்டுக்கட்டாக வைத்து, லாரி வந்தால் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுகிறவர்கள் இன்னொரு வகை. முருங்கைக்காயை ‘ஷேவ்கா’ என்று கேட்கத் தெரிந்து, விற்கிற அம்மாளை ‘மாவ்ஷி’ என்று அழைக்கவும் தெரிந்துவிட்டால், தமிழருக்குக் கொசுறு கிடைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையினரிடம்தான்.

மொத்த வியாபாரம் குல்டேக்டி மார்க்கெட் யார்டுக்குப் போய்விட்ட பிறகும் மண்டை வாடவில்லை. 1924-ல் மோதிலால் நேரு திறந்து வைத்த திலகர் சிலை அங்கேதான் நிற்கிறது. விநாயகர் ஊர்வலம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. இப்போது ரயிலும் வந்துவிட்டது. 2024 செப்டம்பரில் மண்டையில் நிலத்தடி மெட்ரோ நிலையம் திறக்கப்பட்டது. பிம்ப்ரியிலோ தாபோடியிலோ ஏறுகிறவர் வண்டி மாறாமல் வந்து இறங்கலாம். 2025-ல் கட்கி நிலையமும் திறந்துவிட்டதால், கிர்க்கி என்றே இன்னும் சொல்லும் பழைய தமிழ்க் குடும்பங்களுக்கும் வசதிதான்.

கவலையும் இங்கேதான் தொடங்குகிறது. ரயில் வந்தால் நிலத்தின் மதிப்பு ஏறும். மதிப்பு ஏறிய நிலத்தில் கீரைக்கட்டுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்பார்கள். அழகான படங்களோடு திட்டங்கள் வரும். சென்னைத் தமிழருக்கு இது புதிய கதையல்ல. 1900-ல் திறந்த மூர் மார்க்கெட் 1985 மே 30-ல் எரிந்தது. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. பழைய புத்தகக் கடைக்காரர்கள் பக்கத்து லில்லி பாண்ட் வளாகத்துக்குப் போனார்கள். பழைய கூட்டம் கூடப் போகவில்லை. 1996-ல் கொத்தவால் சாவடி கோயம்பேட்டுக்கு மாறியது. நெரிசல் குறைந்தது உண்மை. தலைச்சுமைக் கூடைக்காரிக்குத் தூரம் கூடியதும் உண்மை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டப்படி, நகர வியாபாரக் குழுவில் குறைந்தது நூற்றுக்கு 40 பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். வியாபாரிகள் 50 ஆண்டுகளுக்கு மேல் தொழில் செய்துவரும் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்குள்ளவர்களை இடம் மாற்றக் கூடாது என்றும் அது சொல்கிறது. மண்டையைச் சுற்றி உட்காருகிறவர்களுக்குப் பொருந்தாவிட்டால் அந்த வாசகம் வேறு யாருக்குப் பொருந்தும்?

வணிக வளாகத்தில் வாடகை கட்ட முடிந்தவருக்குத்தான் இடம். அது தனியார் சொத்து, அங்கே வாதாட முடியாது. மண்டை ஊர்ப் பணத்தில் எழுந்தது. புனேயில் வீட்டு வரி கட்டும் தமிழருக்கும், வாடகை வீட்டில் இருந்து மறைமுகமாகக் கட்டும் தமிழருக்கும் அதில் பங்கு உண்டு. கேட்கும் உரிமையும் உண்டு. வெளியூர்க்காரர் எதற்கு வாய் திறக்க வேண்டும் என்று ஒதுங்கும் பழக்கம் இங்குள்ள தமிழரிடம் அதிகம். இரண்டு மூன்று தலைமுறைகள் ஆன பிறகும் அப்படி ஒதுங்கி நிற்பதற்குக் காரணமில்லை.

புதிய கட்டடமோ கோடிக்கணக்கில் செலவோ வேண்டியதில்லை. மாநகராட்சி மேல் மாடியை விட்டு எப்போதோ போய்விட்டது. ஒரே ஒரு மேஜை மட்டும் திரும்பி வரட்டும். கடை வாடகை வாங்கவும், தெரு வியாபாரிக்கு உரிமச் சீட்டு புதுப்பிக்கவும், புகார் எழுதிக்கொள்ளவும் ஒரு குமாஸ்தா, ஒரு ரிஜிஸ்டர், கோபுரத்துக்கு அடியிலேயே. சாக்கைச் சுருட்டிவிட்டு வேறொரு அலுவலக வாசலில் காத்திருக்கும் கீரைக்காரிக்கு அதனால் அரை நாள் வியாபாரம் மிச்சமாகும்.