காஞ்சித் தறியும் கலாசாலைப் பட்டமும்

2007-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் காஞ்சிபுரத்தின் பெயரால் ஓர் உயர்தரக் கல்வி ஸ்தாபனத்தை நிறுவினர். தகவல் தொழில்நுட்பம், வடிவமைப்பு, உற்பத்தி ஆகிய மூன்றும் அதன் பெயரிலேயே அடங்கியிருக்கின்றன. அது இருப்பதோ வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில், மேலக்கோட்டையூரில். 2019-ல் ஜில்லாவைப் பிரித்தபொழுது அவ்வூர் செங்கற்பட்டுக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் காஞ்சியினுடையது. இதுபற்றி வழக்காடுவது நம் நோக்கமன்று. அந்த மூன்று வித்தைகளும் பிள்ளையார்பாளையத்துக் குழித்தறி ஒன்றில் கூடியிருக்கின்றன என்பதையே நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

தறியின்மேல் ஏற்றிய ஜக்கார்டு பெட்டியில், துளையிட்ட அட்டைகள் வரிசையாக வந்து எந்த இழை எழவேண்டும், எது நிற்கவேண்டும் என்று கட்டளையிடுகின்றன. 1804-ல் பிரான்சு தேசத்து லியோன் நகரில் பட்டு நெசவுக்காகப் பிறந்த யந்திரம் அது. 1830-களில் கணக்கிடும் யந்திரமொன்றைத் திட்டமிட்ட சார்லஸ் பாபேஜ் என்ற ஆங்கிலேயர் அந்த அட்டை முறையையே எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டரின் வமிசாவளியில் பட்டுத்தறிக்கு மூதாதை ஸ்தானம் உண்டு.

காஞ்சிப் பட்டின் விசேஷம் கோர்வை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடாக்களைக் கொண்டு ஊடைகளைக் கோத்துக்கொண்டே நெய்யவேண்டும். நெய்பவருக்குத் துணையாக இன்னோர் ஆள் வேண்டும். முன்னாளில் அவ்வேலை பெரும்பாலும் சிறுவர் தலையில் விழுந்தது. பள்ளிக்கூட வயது தறியடியில் கழிந்தது. அந்த வழக்கம் ஒழியவேண்டியதே. ஆனால் வயது வந்தவரை அமர்த்தினால் கூலி இரட்டிக்கிறது. ஆகவே கோர்வையைக் கைவிட்டு ஒற்றை நாடாவில் நெய்வோர் பலர்.

இதற்குப் பரிகாரம் கூறுபவர் யார்? யந்திர சாஸ்திரி மோட்டார் வைக்கச் சொல்வார். உடனே வக்கீல் குறுக்கிடுவார். விசைத்தறியல்லாத தறியே கைத்தறி என்கிறது 1985-ம் வருஷத்து ஒதுக்கீட்டுச் சட்டம். ஒரு நாடாவை மட்டும் மோட்டார் தள்ளினால் அது எந்தத் தறி? (நம் பழைய தொழில் இதுவாதலால், இக்கேள்வி எத்தனை வருஷம் கோர்ட்டில் நடக்கும் என்பதை நாம் ஊகிக்கக்கூடும்.) கலை அறிந்தவரோ, கரை சேருமிடத்தின் ஒழுங்கு கெட்டால் அது காஞ்சிப் பட்டே அன்று என்பார். கூலிக் கணக்குப் பார்ப்பவர், மாத முடிவில் நெய்பவர் கையில் மிஞ்சுவது என்ன என்று கேட்பார். நால்வர் சொல்வதும் நியாயமே. நால்வரும் நான்கு கட்டடங்களில் உட்கார்ந்திருப்பதுதான் சங்கடம்.

பல துறைகளைச் சேர்த்துக் கற்பதைப் பற்றி 2020-ம் வருஷத்துக் கல்விக் கொள்கை விஸ்தாரமாகப் பேசுகிறது. பேச்சுக்குப் பஞ்சமில்லை. நாம் கேட்பது காஞ்சி நகரத்திலேயே இரண்டு வருஷ ஆராய்ச்சிப் பட்டம் ஒன்று. கலை, விஞ்ஞானம், தொழில் மூன்றும் கோர்வை என்ற ஒரே விஷயத்தில் கூடும் படிப்பு. மாணவர் ஒரு வருஷமேனும் தறியில் உட்காரவேண்டும். கைதேர்ந்த நெசவாளர் ஆசிரியராக இருக்கவேண்டும், சம்பளத்தோடும் மார்க்கு போடும் அதிகாரத்தோடும்.

அவருக்குப் பட்டம் ஏது என்று ஆட்சேபிப்பார்கள். கடம்ப மயூரசர்மன் வேதம் கற்க வந்த கடிகை இவ்வூரில் இருந்தது என்று தாளகுந்தா சாஸனம் சொல்கிறது. அக்கடிகையில் நெசவாளருக்கு இடமிருந்ததாக அது சொல்லவில்லை. அந்த வழக்கத்தைப் புதுக் கலாசாலையும் பின்பற்றவேண்டுமா?

இன்னொன்று. அப்படிப்பில் புதுக்கருவி ஒன்று பிறந்தால், அதன் பேடெண்டில் நெசவாளரின் பெயரும் சேரவேண்டும் என்பதை முதல் நாளே எழுத்தில் வைத்துவிடவேண்டும். பின்னர் கோர்ட்டுக்கு வந்து வாதாட அவரிடம் பணமும் இராது, பொழுதும் இராது.