ஏரி வெட்டியவரின் நகரம்

பெங்களூர் மெஜஸ்டிக்கில் பஸ் பிடிக்க ஓடுகிற யாருக்கும் அது ஒரு ஏரியின் மடி என்பது தெரியாது. தர்மாம்புதி என்பது அந்த ஏரியின் பெயர். அதன் மேல் நிற்கும் பேருந்து நிலையத்துக்கு, நகரை உருவாக்கியவரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்: கெம்பே கவுடா. எதிரே உள்ள மெட்ரோ நிலையத்துக்கும் அவர் பெயர்தான். 2013ல் விமான நிலையத்துக்கும் அதே பெயர் வந்தது. 2022 நவம்பர் 11 அன்று பிரதமர் மோடி அங்கே அவருடைய வெண்கலச் சிலையைத் திறந்து வைத்தார். உயரம் 108 அடி. வடித்தவர் குஜராத்தில் படேல் சிலையை வடித்த ராம் சுதார்.

சிலைக்குச் சொந்தக்காரர் பேரரசர் அல்ல. விஜயநகரத்துக்குக் கட்டுப்பட்ட சிற்றரசர், எலஹங்காவின் நாடபிரபு. அவருடைய முன்னோர் 15ம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து மாட்டு வண்டிகளில் குடிபெயர்ந்து வந்தவர்கள் என்கிறது குடும்ப மரபு. யார் மண்ணின் மைந்தர், யார் வந்தேறி என்று அவ்வப்போது வழக்காடும் நகரத்தை எழுப்பியவரே, வந்து குடியேறிய வீட்டுப் பிள்ளை!

பெங்களூர் என்ற பெயர் அவர் சூட்டியதல்ல. பேகூரில் உள்ள 9ம் நூற்றாண்டு நடுகல்லிலேயே அது இருக்கிறது. ஊர் என்று சொல்ல ஏதுமில்லாத இடத்தில் ஊரை அமைத்ததுதான் கவுடாவின் வேலை. 1537ல் மண்கோட்டைக்கு அடிக்கல். இன்றைய அவென்யூ ரோடும் சிக்கபேட்டையும் சந்திக்கும் இடத்தில் வெள்ளைக் காளைகளை ஏரில் பூட்டி நான்கு திசைக்கும் ஓட்டினார்களாம். உழுத சால்கள் வீதிகளாயின. அரிசிக்கு அக்கிபேட்டை, வளையலுக்கு பளேபேட்டை, குயவருக்கு கும்பார்பேட்டை என்று தொழிலுக்கு ஒரு தெரு. சில தெருக்களில் அதே பெயரில் இன்றும் வியாபாரம் நடக்கிறது.

கோட்டைக்கு ஒரு சோகக் கதையும் உண்டு. வாசல் கட்டக் கட்ட இடிந்து விழ, நரபலி கேட்கிறது தெய்வம் என்று பேச்சு எழுந்ததாம். மாமனார் தவிப்பதைப் பார்த்த கர்ப்பிணி மருமகள் லட்சுமம்மா இரவில் தன்னையே பலியிட்டுக் கொண்டாளாம். கோரமங்கலாவில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. இதே மனிதர்தான், தன் சமூகத்துப் பெண்களின் இடக்கை விரல் நுனிகளை வெட்டும் சடங்கைத் தடை செய்தவர் என்றும் சொல்லப்படுகிறார்.

வளர்ச்சி வேகமாக இருந்தது. துணிச்சலும் கூடியது. பேரரசின் அனுமதியின்றி சொந்த நாணயம் அடித்தார். விஜயநகரம் சும்மா விடவில்லை. ஆனெகுந்தியில் ஐந்தாண்டு சிறைவாசம். நிலங்கள் பறிபோயின. பிறகு விடுதலையாகி ஆட்சியைத் திரும்பப் பெற்றார். 1569ல் மறைந்தார். மாகடி அருகே கெம்பாபுரத்தில் அவருடைய சமாதி என்று கருதப்படும் கட்டடம் கண்டறியப்பட்டது 2015ல்தான்.

நாணயமும் கோட்டையும் போகட்டும். கவுடாவின் நிஜமான சாதனை தண்ணீர். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் பெரிய ஆறு எதுவும் கிடையாது. பெய்கிற மழையைப் பிடித்து வைத்தால்தான் பிழைப்பு. எனவே அவர் காலத்தில் தர்மாம்புதி, கெம்பாம்புதி, சம்பங்கி என்று ஏரிகள் எழுந்தன. பள்ளத்தின் குறுக்கே கரை எழுப்பி, ஓர் ஏரி நிரம்பினால் மிச்சம் அடுத்ததற்கு வழியும் பழைய தொழில்நுட்பம். ஏரிகளுக்குப் பேர்போன காஞ்சி வட்டாரத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல.

இந்த ஏற்பாடு மூன்றரை நூற்றாண்டு தாங்கியது. 1896ல் ஹெசரகட்டாவிலிருந்து குழாயில் தண்ணீர் வந்தது. வீட்டு வாசலில் குழாய் வந்தபின் ஏரியை யார் தூர்வாருவார்கள்? கவனிப்பாரற்ற ஏரி முதலில் குட்டையாகும், பிறகு மைதானமாகும், கடைசியில் மனையாகும். தர்மாம்புதி பேருந்து நிலையமானது. சம்பங்கி, கண்டீரவா விளையாட்டரங்கமானது. கெம்பாம்புதி மட்டும் ஏரியாகவே தப்பிப் பிழைத்திருக்கிறது.

விளைவு தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. ஏரிகளைத் தொலைத்த நகரம் காவிரியைத் தேடிப் போனது. 1974லிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, பல நூறு மீட்டர் உயரத்துக்கு, மோட்டார் வைத்துத் தண்ணீர் ஏற்றப்படுகிறது. 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி வெடித்த கலவரத்தில் அடிபட்டவர்கள் இங்குள்ள தமிழர்கள். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75ல் 4.75 டிஎம்சி பெங்களூரின் குடிநீருக்கு என்று தீர்ப்பிலேயே எழுதப்பட்டது. ஆகவே மெஜஸ்டிக்கில் தொலைந்த ஏரிக்கும் தஞ்சாவூர் வாய்க்காலுக்கும் சம்பந்தம் உண்டு.

அப்படியும் தாகம் தீரவில்லை. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, டேங்கர் லாரிக்காக அடுக்குமாடிக் குடியிருப்புகள் காத்துக் கிடந்தன. அந்த அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. இன்னும் கொஞ்சம் காவிரி, இன்னும் கொஞ்சம் மோட்டார்.

சம்பங்கி ஏரி முழுசாக மறைந்துவிடவில்லை. விளையாட்டரங்கத்தை ஒட்டி ஒரு சிறு குளம் மிச்சமிருக்கிறது. ஆண்டுதோறும் நடக்கும் கரக உற்சவத்தின் சடங்குகளுக்கு அது தேவை. திகளர்கள் என்னும் தோட்டக்காரச் சமூகத்தார் நடத்தும் திருவிழா அது. சாமி காரியத்துக்கு வேண்டும் என்பதால் அந்தக் குளத்தை விட்டுவைத்தார்கள். மனிதர்களும் தண்ணீர் குடிக்க வேண்டும் என்ற காரணம் மற்ற ஏரிகளைக் காப்பாற்றப் போதவில்லை.

108 அடி உயரத்தில் நிற்கும் கவுடாவுக்கு நகரம் முழுவதும் தெரியக்கூடும். தான் வெட்டிய ஏரிகளைத்தான் அவர் தேட வேண்டியிருக்கும்.