மேம்பாலம் வந்தது... கவுன்சிலரைக் காணோம்!

வளர்ச்சி என்றால் என்ன என்று சேலத்தில் யாரைக் கேட்டாலும் கை தானாக ஐந்து ரோடு பக்கம் நீளும். அங்கே நிற்கிறது ஈரடுக்கு மேம்பாலம். 441 கோடி ரூபாய். மாநில நெடுஞ்சாலைத் துறை கட்டியது, 2020 ஜூனில் திறந்தார்கள். கொஞ்ச தூரத்தில் பழைய பஸ் ஸ்டாண்ட். ஸ்மார்ட் சிட்டி பணத்தில் அதையும் ஈரடுக்காக்கி 2023 ஜூனில் திறந்தார்கள். அதற்குச் சுமார் 96 கோடி. பாலத்துக்கும் மாடி, பஸ் ஸ்டாண்டுக்கும் மாடி!

நல்ல விஷயம்தானே, இதில் என்ன குறை என்று கேட்பீர்கள். பாலம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. காலை ஒன்பது மணிக்கு ஐந்து ரோட்டில் சிக்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும். கேள்வி வேறு. இந்த ஊருக்கு எது முதலில் வேண்டும் என்று முடிவு செய்தது யார்?

கொஞ்சம் தேதிகளைப் பாருங்கள்.

2015 ஜூனில் மத்திய அரசு ஸ்மார்ட் சிட்டி திட்டத்தைத் தொடங்கியது. 100 நகரங்கள். ஒவ்வொன்றுக்கும் மத்திய அரசு 500 கோடி, அதே அளவு மாநிலமும் உள்ளாட்சியும் போட வேண்டும். 2016 செப்டம்பரில் வெளியான பட்டியலில் மதுரை, தஞ்சாவூர், வேலூரோடு சேலமும் இடம் பிடித்தது. பட்டாசு வெடிக்காத குறைதான்.

அடுத்த மாதமே, 2016 அக்டோபரில், தமிழ்நாட்டு உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. நடக்கவிருந்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இடஒதுக்கீடு சரியில்லை என்று வழக்கு, பிறகு வார்டு மறுவரையறை, பிறகு இன்னொரு வழக்கு... மாநகராட்சி, நகராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது எப்போது? 2022 பிப்ரவரி 19! வழக்குப் போட்டவர்கள் ஒரு கட்சி, இழுத்தடித்தவர்கள் இன்னொரு கட்சி. இரண்டு பேருக்குமே அவசரம் இல்லை.

ஆக, ஆயிரம் கோடி அளவுக்குத் திட்டம் போட்டு, டெண்டர் விட்டு, ரோட்டைத் தோண்டிய காலத்தில் சேலத்தின் 60 வார்டுகளுக்கும் ஒரு கவுன்சிலர் கூடக் கிடையாது. மேயர் கிடையாது. மாமன்றக் கூட்டம் கிடையாது. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தியே தீர வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243யு பிரிவு சொல்கிறது. 1992-ல் கொண்டுவந்த 74-வது திருத்தம் அது. எட்டு லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும் ஊரில் அந்தப் பிரிவு ஐந்து வருஷத்துக்கு மேல் தூங்கியது.

கவுன்சிலர் இருந்திருந்தாலும் என்ன பெரிதாக நடந்திருக்கும் என்கிறீர்களா? அதற்கும் திட்டத்திலேயே ஒரு பூட்டு இருந்தது. ஸ்மார்ட் சிட்டி பணம் மாநகராட்சிக் கணக்குக்கு நேராக வராது. அதற்கென்று தனியாக ஒரு கம்பெனி தொடங்க வேண்டும். அப்படி வந்ததுதான் சேலம் ஸ்மார்ட் சிட்டி லிமிடெட். திட்டம் தொடர்பான மன்றத்தின் அதிகாரத்தை அந்தக் கம்பெனிக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்று வழிகாட்டு நெறிமுறையே சொன்னது. மாநகராட்சி அதிகாரிகள் கையில், கம்பெனியும் அதிகாரிகள் கையில். கடை முதலாளியே இல்லாமல் கல்லாவைத் திறந்து வியாபாரம் பண்ணியது போல!

கம்பெனிச் சட்டம் படித்தவர்களுக்கு ஒன்று தெரியும். பொதுவாக ஒரு கம்பெனி வருஷத்துக்கு ஒரு முறை பங்குதாரர் கூட்டம் கூட்டி கணக்குக் காட்ட வேண்டும். இங்கே உண்மையான பங்குதாரர் வரி கட்டும் சேலத்துக்காரர். அவருக்குக் கூட்டமும் இல்லை, ஓட்டும் இல்லை.

அடுத்தது மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு. பி.காம் முதல் வருஷப் பாடம். கட்டிடம் கட்டுவது ஒரு தடவைச் செலவு. லிப்ட், விளக்கு, காவலாளி, துப்புரவு, பெயிண்ட் எல்லாம் வருஷா வருஷம் வரும் செலவு. முதல் செலவுக்கு டெல்லியும் சென்னையும் பணம் கொடுத்தன. திட்டம் 2025 மார்ச் 31-ல் முடிந்துவிட்டது. இனிமேல் வரும் பில் எல்லாம் யார் தலையில்? மாநகராட்சி தலையில், அதாவது வீட்டு வரியில். தேர்தல் முடிந்து ஆறே வாரத்தில், 2022 ஏப்ரலில், சொத்து வரி உயர்வு வந்தது நினைவிருக்கிறதா? சின்ன வீட்டுக்கே 25 சதவீதம், பெரிய வீட்டுக்கு 100 சதவீதம். செலவை முடிவு செய்தபோது கேட்காதவர்கள், வசூல் என்று வந்ததும் கதவைத் தட்டினார்கள்.

சரி, கேட்டிருந்தால் மக்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? அம்மாபேட்டையிலும் கொண்டலாம்பட்டியிலும் போய் நின்று பாருங்கள். முதலில் வருவது சாக்கடை, அடுத்தது குடிநீர். 2000-களின் பிற்பகுதியில் தொடங்கிய பாதாளச் சாக்கடைத் திட்டம் பத்து வருஷம் தாண்டியும் முடியாமல் இழுத்தது. பாதாளச் சாக்கடைக்கு ரிப்பன் வெட்ட முடியாது, போட்டோவிலும் தெரியாது. மண்ணுக்குள் போகும் காரியம். அதனால்தான் பாலம் முந்துகிறது.

சாக்கடை முடியாவிட்டால் கழிவு எங்கே போகும்? திருமணிமுத்தாறுக்குப் போகும். சேர்வராயன் மலைப் பக்கம் மஞ்சவாடியில் பிறந்து, பெயரிலேயே மணியும் முத்தும் வைத்திருக்கும் ஆறு அது. சேலத்துக்குள் நுழையும்போது ஆறு, வெளியே வரும்போது சாக்கடை. வீட்டுக் கழிவும் சாயக் கழிவும் சேர்ந்து நுரை தள்ளிக்கொண்டு உத்தமசோழபுரம் தாண்டி நாமக்கல் மாவட்டத்துக்குப் போகிறது. அங்கே வயலுக்கும் கிணற்றுக்கும் இறங்கி, பரமத்தி வேலூர் பக்கம் நஞ்சை இடையாறில் காவிரியோடு கலக்கிறது. சேலம் ஸ்மார்ட் ஆன செலவில் ஒரு பங்கை நாமக்கல் விவசாயி கட்டுகிறார். அவர் பெயர் எந்தத் திட்ட அறிக்கையிலும் இல்லை.

நாமக்கல் கதையும் இதேதான். லாரி, கோழி, முட்டை என்று சொந்தக் காலில் வளர்ந்த ஊர். நகராட்சியாக இருந்தபோதே ஐ.எஸ்.ஓ 14001 சான்று வாங்கி, சுத்தத்துக்குப் பேர் எடுத்தது. அதற்குப் பாலமும் தேவைப்படவில்லை, கம்பெனியும் தேவைப்படவில்லை. 2024-ல் அதை மாநகராட்சி ஆக்கினார்கள். முதலைப்பட்டியில் புது பஸ் ஸ்டாண்டும் அதே வருஷம் திறந்தார்கள். மாநகராட்சி என்றால் சுற்றியுள்ள ஊராட்சிகளையும் சேர்த்தாக வேண்டும். சேர்த்தால் வரி ஏறும், ஊரக வேலைத் திட்டம் போய்விடும். பேரிலேயே ஊரகம் இருக்கும்போது மாநகராட்சிக்குள் அது எப்படி வரும்? ஆடு மேய்த்து, மரவள்ளி போட்டு, மீதி நாளில் அந்தக் கூலியை நம்பி இருக்கும் பெண்களுக்குப் பெயர்ப்பலகை மாறுவதால் என்ன லாபம்?

அவர்கள் சார்பில் பேசத் தலைவர் வேண்டுமே? இந்த மாவட்டங்களின் ஊராட்சிகளுக்குப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. தேர்தல் நேரத்துக்கு வரவில்லை. மறுபடியும் தனி அலுவலர்! சேலத்தில் பார்த்த அதே படம், வேறு தியேட்டர்.

"கவுன்சிலர்கள் மட்டும் யோக்கியமா? கமிஷன் அடிப்பவர்கள்தானே?" என்று ஒரு கேள்வி கட்டாயம் வரும். அடிப்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்க முடியாது. ஆனால் வார்டு கவுன்சிலரை டீக்கடையில் நிறுத்தித் தண்ணி ஏன் வரவில்லை என்று கேட்கலாம். அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். ஒரு அதிகாரி மாற்றலாகிப் போனபிறகு அவரை எங்கே தேடுவது? திருடன் வருவான் என்று வீட்டுக்குக் கதவே வைக்காமல் விடுவார்களா?

பக்கத்திலேயே கேரளா இருக்கிறது. 1996-ல் மக்கள் திட்டம் என்று தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் கொடுத்தார்கள். தவறுகள் நடந்தன, சண்டைகளும் நடந்தன. ஆனால் எது முதலில் என்ற சண்டை ஊருக்குள்ளேயே நடந்தது.

2011 கணக்குப்படியே தமிழ்நாட்டில் 48.4 சதவீதம் பேர் நகரவாசிகள். இந்திய சராசரி 31 தான். இந்த மாநிலத்துக்கு நகரக் கொள்கை என்பது பாதிப் பேரின் வாழ்க்கை. கேட்பது மூன்றே விஷயம். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத காலத்தில் பெரிய திட்டங்களுக்குக் கையெழுத்து வேண்டாம். ஒவ்வொரு கட்டிடத்துக்கும் கட்டும் செலவோடு வருஷாந்திரப் பராமரிப்புச் செலவையும் முன்கூட்டியே போர்டில் எழுதி வையுங்கள். சாக்கடை நீரைச் சுத்தம் செய்யாத ஊருக்கு இரண்டாவது மாடி வேண்டாம்.

அடுத்த முறை ஈரடுக்குப் பாலத்தில் வண்டி ஓட்டும்போது காற்று நன்றாகத்தான் இருக்கும். இறங்கியதும் உங்கள் வார்டு எண் என்ன, கவுன்சிலர் யார் என்று யோசித்துப் பாருங்கள். தெரியாவிட்டால் இன்றைக்கே விசாரியுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆயிரம் கோடியும் உங்களைக் கேட்காமலேதான் செலவாகும்!