திருவல்லிக்கேணி வாடகைக் குடித்தனக்காரர்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: சென்னை மாநகராட்சி, தமிழ்நாடு அரசின் வீட்டுவசதித் துறை, எங்கள் வீட்டுக்காரர்கள்.

திருவல்லிக்கேணியில் சொந்த வீடு இல்லாமல் குடியிருப்பவர்கள் நாங்கள். பெரிய தெருவை ஒட்டிய மேன்ஷன் அறைகளில் இருக்கிறோம். பார்த்தசாரதி கோயிலைச் சுற்றியுள்ள ஸ்டோர் வீடுகளில் ஒற்றை அறைப் போர்ஷன்களில் இருக்கிறோம். ஜாம் பஜாருக்குப் பின்னால், ஸ்கூட்டர் ஒன்று நுழைந்தால் ஆள் திண்ணையில் ஏறி நிற்க வேண்டிய சந்துகளில், மாடிமேல் போட்ட ஷீட் கூரைக்குக் கீழே இருக்கிறோம். ஜவுளிக்கடையில் நிற்பவர், ஆட்டோ ஓட்டுபவர், எல்லிஸ் ரோட்டில் பார்சல் கட்டுபவர், பூ தொடுப்பவர், ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவர், டிஎன்பிஎஸ்சி எழுதிக்கொண்டே இருப்பவர், பென்ஷனில் காலம் தள்ளுபவர் என்று எல்லாரும் இதில் உண்டு.

எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வேறு போக்கிடம் இல்லாமல் மட்டும் நாங்கள் இங்கே கிடக்கவில்லை. பிரசவ வலி எடுத்தால் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனைக்கு நடந்தே போகலாம். 1885இல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. பெரிய வியாதி என்றால் ஓமந்தூரார், ராயப்பேட்டை, இரண்டும் பக்கம். இரவு பதினொரு மணிக்கும் சூடாக ஏதாவது சாப்பிடக் கிடைக்கும். பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகம் கிடைக்கும். வீட்டில் காற்று வராது. கடற்கரையில் வரும், அதற்கு வாடகை இல்லை. மளிகை விலைக்குத் தாங்களே ஒரு வழி பார்க்கலாம் என்று 1904இல் நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய ஊர் இது. பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீடும் இங்கேதான், அவரும் வாடகைக்குத்தான் இருந்தார். பின்னாளில் அரசு அந்த வீட்டை நினைவு இல்லம் ஆக்கியது. எங்கள் வீடுகளுக்கு அவ்வளவு வேண்டாம். ஒழுகாமல் இருந்தால் போதும்.

இங்கே வாடகை கட்டுப்படியாவது யாரோ காட்டிய கருணையால் அல்ல. ஐந்து குடித்தனம் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறது, எட்டுப் பேர் ஒரே கழிவறை வாசலில் நிற்கிறார்கள், நான்கு பேர் ஓர் அறையில் படுக்கிறார்கள். அந்தக் குறைவை எங்கள் உடம்பால் நாங்கள் கட்டுகிறோம். இப்போது தெருவுக்கு வசதிகள் வருகின்றன. மெட்ரோவின் நான்காம் வழித்தடம் லைட் ஹவுஸிலிருந்து பூந்தமல்லிக்குப் போகிறது. பழைய ஓட்டு வீடுகள் விழுந்த இடத்தில் லிஃப்ட் வைத்த ஃப்ளாட்கள் எழும்புகின்றன. வரட்டும், சந்தோஷம். ஆனால் இதுவரை நாங்கள் பார்த்ததெல்லாம், வசதி வந்த தெருவில் அடுத்த மாதமே வாடகை ஏறுவதும், அதற்கடுத்த மாதம் லோடு ஆட்டோவில் பீரோ ஏறுவதும்தான். ஊர் நன்றாகும்போது நாங்களும் அதில் இருக்க வேண்டும் என்பதே இந்தச் சாசனத்தின் சாரம்.

1. அட்வான்ஸ்

புதிய வாடகைச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்தது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது அது. அந்த வரிக்கு முன்னாலேயே, இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய, என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. சென்னை முழுக்க அந்தக் கதவு வழியாகத்தான் போய்வருகிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் ஓனரிடம் சட்டப்படி மூன்றுதான் என்று சொல்லிப் பாருங்கள். டு-லெட் போர்டு உங்களுக்கு அல்ல என்பது உடனே புரியும். ஐயாயிரம் ரூபாய் போர்ஷனுக்கு ஐம்பதாயிரம் புரட்ட வேண்டும். கழுத்திலிருப்பதை அடகு வைத்துப் புரட்டிய பணம் அது. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை, குழாய் மாற்ற இவ்வளவு, சுவரில் ஆணி அடித்ததற்கு இவ்வளவு என்று கழித்து, மீதியை அடுத்த குடித்தனம் வந்த பிறகு தருகிறேன் என்கிறார்கள்.

அந்த விதிவிலக்கை நீக்குங்கள். வீடாகக் குடியிருக்கும் இடத்துக்கு மூன்று மாதம்தான், அதற்கு மேல் இல்லை. காலி செய்த ஒரு மாதத்துக்குள் முன்பணம் திரும்ப வேண்டும் என்பது சட்டத்தில் இருப்பதே. தவறினால் வட்டியோடு வாங்கித்தர வார்டு அலுவலகத்தில் ஓர் ஆளை உட்கார வையுங்கள்.

ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்பதும் சட்டம். கேட்டால், “நமக்குள்ள எதுக்குங்க பேப்பர்?” என்கிறார் ஓனர். பேப்பர் இல்லாவிட்டால் கேஸ் சிலிண்டர், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை, ரேஷன் கார்டில் முகவரி மாற்றம் எல்லாமே இழுபறி. வாடகை கொடுத்ததற்கான சான்றைக் காட்டினால் குடியிருப்பவர் தனியாகவே பதிவு செய்துகொள்ள வழி வேண்டும்.

2. யாருக்கு வீடு

சைவமா, பேச்சிலரா, என்ன ஆளுங்க, பேர் என்ன, முழுப் பேர் என்ன. இந்தக் கேள்விகளுக்குப் பிறகுதான் வாடகை எவ்வளவு என்ற பேச்சு வருகிறது. கோயிலும் வாலாஜா பள்ளிவாசலும் நடந்துபோகும் தூரத்தில் இரு நூற்றாண்டாக நிற்கும் ஊரில் இந்தக் கேள்விகள் கூச்சமில்லாமல் கேட்கப்படுகின்றன. சாதி, மதம், சாப்பாடு, தனியாள் என்ற காரணங்களால் வீடு மறுப்பதைக் குற்றமாக்குங்கள். நிரூபிப்பது கஷ்டம் என்று எங்களுக்கும் தெரியும். குறைந்தது போர்டிலும் விளம்பரத்திலும் எழுதுவதையாவது தடுக்கலாம். அதற்குச் சாட்சி போர்டேதான்.

3. இடிக்கும்போது

இங்குள்ள பழைய வீடுகள் பலவும் மெட்ராஸ் டெரஸ் கூரை. மழைக்கு முன் தட்டோடு மாற்றி, சுண்ணாம்பு பூசி, விரிசல் அடைத்தால் இன்னும் பல காலம் நிற்கும். ஆனால் ஒழுகவிடுவது லாபம் என்று சிலர் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு ஐப்பசி ஒழுகினால் குடித்தனம் தானாகக் கிளம்பும். வழக்கும் வேண்டாம், நோட்டீஸும் வேண்டாம்.

1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், பழுது பார்க்க வீட்டைக் காலி செய்தால் முடிந்ததும் அதே ஆளுக்குத் திருப்பித்தர வேண்டும் என்று இருந்தது. இப்போதைய சட்டத்தில் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் திரும்பி வர முடியும். ஓனர் ஒத்துக்கொள்வாரா என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். திரும்பிவரும் உரிமையை மீண்டும் சட்டமாக்குங்கள். இடித்துக் கட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்தால், உள்ளே எத்தனை குடித்தனம், அவர்கள் எங்கே போவார்கள் என்ற விவரம் இல்லாமல் கோப்பை நகர்த்தாதீர்கள்.

கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் எங்கள் சொந்தபந்தங்கள்தாம். இருபது கிலோமீட்டருக்கு மேல். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, உண்மை, நல்ல திட்டம். காலை ஆறு மணிக்கு ஒரு வீட்டில் பாத்திரம் துலக்கி, எட்டு மணிக்கு இன்னொரு வீட்டில் சமைத்தவருக்குப் போய்வர ஆகும் நேரத்தை அந்தத் திட்டம் திருப்பித் தராது. மறுகுடியமர்வு என்றால் இதே வட்டாரத்தில், இல்லாவிட்டால் வேண்டாம்.

4. மீட்டர்

இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம், 2016 முதல். எங்களில் பாதிப் பேருக்கு அது கண்ணில்பட்டதில்லை. ஐந்து போர்ஷனுக்கு மின்வாரிய இணைப்பு ஒன்று; உள்ளே ஓனர் மாட்டிய சப் மீட்டர் ஐந்து. எல்லாம் சேர்ந்து மேல் அடுக்குக் கட்டணத்துக்குப் போய்விடுகிறது. ஒரு ஃபேனும் ஒரு பல்பும் எரிக்கும் பாட்டி யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் கொடுக்கிறார். ஏசி போட்ட தனி வீட்டுக்காரருக்குக்கூட முதல் 100 யூனிட் இலவசம். கேட்கும் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி இணைப்பு கொடுங்கள். அதுவரை சப் மீட்டர் கணக்கில் அரசுக் கட்டணத்துக்கு மேல் ஒரு பைசா வாங்கக் கூடாது.

5. தண்ணீர், கழிவறை

எத்தனை குடித்தனத்துக்கு எத்தனை கழிவறை என்று ஒரு கணக்கு வேண்டும். அதைப் பார்க்க ஓர் அதிகாரி வேண்டும். குடிநீரில் சாக்கடை வாடை வந்தால் அன்றே லாரி அனுப்புங்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறும் வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு மேல்தொட்டி மோட்டாரை ஓனர் நிறுத்தி வைப்பது, அத்தியாவசிய வசதியைத் தடுக்கக் கூடாது என்ற சட்டத்துக்கே விரோதம்.

6. மேன்ஷனும் பெண்களும்

மேன்ஷன்காரரைச் சட்டம் குடித்தனமாகப் பார்ப்பதில்லை. பத்து வருஷம் ஒரே அறையில் இருந்தாலும் அவர் தங்கிப்போகிறவர்தான். காலையில் சொல்லி மாலையில் வெளியேற்றலாம். ஆறு மாதத்துக்கு மேல் தங்கியவருக்கு ரசீதும், ஒரு மாத அவகாசமும், முகவரிச் சான்றும் வேண்டும். தீ பிடித்தால் இறங்க இன்னொரு படிக்கட்டு வேண்டும். பல கட்டிடங்களில் இருக்கும் ஒரே படிக்கட்டையும் மூட்டை, சைக்கிள், தண்ணீர் கேன் அடைத்திருக்கிறது.

இத்தனை மேன்ஷன்களில் ஒரு பெண்ணுக்கு அறை கிடைக்காது. தேர்வுக்குப் படிக்க விழுப்புரத்திலிருந்தோ தென்காசியிலிருந்தோ வரும் பையனுக்குத் திருவல்லிக்கேணி இருக்கிறது. அவன் தங்கைக்கு எது இருக்கிறது? குறைந்த வாடகையில் பெண்களுக்கான அரசு விடுதி ஒன்றாவது இந்தப் பேட்டைக்குள்ளேயே வேண்டும்.

7. சில்லறைக் கோரிக்கைகள்

பறக்கும் ரயில் நிலையங்களின் படிக்கட்டில் விளக்கு எரிய வேண்டும். ஐந்து ரூபாய் டிக்கெட்டில் வேலைக்குப் போகிறவர் இருட்டில் இறங்க வேண்டியதில்லை. 2023இல் இங்கே மாடு முட்டி ஒரு முதியவர் செத்துப்போனார். மாடு வளர்ப்பவர்களும் எங்கள் அக்கம்பக்கத்தார்தான், ஆகவே அபராதத்தோடு நிற்காமல் கொட்டகைக்கு இடமும் காட்டுங்கள். சேப்பாக்கத்தில் மேட்ச் நடக்கும் நாளில் எங்கள் சந்துகளைக் கார் நிறுத்தும் இடமாக்காதீர்கள். தோனி மேல் எங்களுக்கும் பிரியம் உண்டு. அன்றைக்கு ஆம்புலன்ஸும் உள்ளே வர முடிய வேண்டும்.

8. பகுதி சபை

மேலே சொன்னதையெல்லாம் பேச ஓர் இடம் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் பகுதி சபையில் உட்காரும் உரிமை அந்தப் பகுதி வாக்காளருக்கு. எங்களில் பலருக்கு ஓட்டு ஊரில் இருக்கிறது; இங்கே மாற்ற முகவரிச் சான்று இல்லை, சான்று கேட்டால் ஓனர் தருவதில்லை. வேலைநாளின் பகல் நேரத்தில் கூட்டம் வைத்தால் வாக்காளர் அட்டை இருப்பவரும் வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வையுங்கள். தேதியை ரேஷன் கடையிலும் மேன்ஷன் வாசல்களிலும் ஒரு வாரம் முன்பே ஒட்டுங்கள். வாடகை ரசீதைக் காட்டுகிறவர் பேசலாம் என்று விதியைத் திருத்துங்கள். ரசீது கொடுக்காத ஓனர்கள்தான் இங்கே அதிகம். அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்குச் சென்ற மாத வாடகையை அனுப்பிய ஜிபே பதிவே போதும் என்று அதே விதியில் சேர்த்து எழுதுங்கள்.