கைவிட்ட செய்தியோடை

எங்கள் ஊர் வெள்ளகோவிலில் எண்ணெய் மில் ஆபீஸானாலும் விசைத்தறிக் கூடமானாலும் மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். அதில் டேலி திறக்கும், இ-வே பில் போகும், ஜிஎஸ்டி கணக்கு ஏறும். செய்தி மட்டும் அதில் யாரும் படிப்பதில்லை. அதற்குக் கைப்பேசியை எடுத்து, யாரோ அனுப்பியதைப் பார்க்கிறோம். அனுப்பியவருக்கு அதை வேறு யாரோ அனுப்பியிருப்பார். படிக்கிறவர்கள் என்று ஊரில் பேர் வாங்கிய நாங்களே இந்தப் பழக்கத்துக்கு முதலில் இணங்கினோம். அதனால் இதை ஒப்புக்கொள்ள வேண்டியதும் நாங்கள்தான்.

நல்ல வழி ஒன்று கையில் இருந்தது. 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனம் ஆர்எஸ்எஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒரு தளத்தில் புதிதாக ஏதாவது வெளியானால் தலைப்பு, சுருக்கம், சுட்டி எல்லாம் ஒரு சிறு கோப்பில் சேரும். அந்தக் கோப்புதான் ஓடை. நம் கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருள் அதை அவ்வப்போது பார்த்து, புதியதை எடுத்து வந்து வைக்கும். லினக்ஸில் லைஃப்ரியா இருக்கிறது. தண்டர்பேர்டு அஞ்சல் மென்பொருளிலும் இதற்கு இடமுண்டு. இடப்பக்கம் நாமே தேர்ந்த பத்திரிகைகளின் பெயர்கள், வலப்பக்கம் தலைப்புகள். படிக்காதது தடித்த எழுத்தில் நிற்கும், படித்ததும் மெலிந்துவிடும். எல்லாம் நேர வரிசைப்படி. அடிதடிச் செய்தி என்பதற்காக எதுவும் முந்திக்கொண்டு வராது, வாய்க்கால் செய்தி என்பதற்காக எதுவும் அடியில் போகாது. கடைசித் தலைப்போடு பட்டியல் தீரும், எழுந்து வேலையைப் பார்க்கலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அப்படித் தீர்ந்துபோவதுதான்.

தமிழில் இதன் அருமையை அறிந்தவர்கள் இருந்தார்கள். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், எங்கெங்கோ எழுதிக்கொண்டிருந்த தமிழர்களின் ஓடைகளை ஒரே பக்கத்தில் திரட்டிக் காட்டியது. 2005 அக்டோபரில் ஓடைகளைப் படிக்கக் கூகுள் ரீடர் வந்தது. 2013 ஜூலை 1 அன்று அதை மூடினார்கள். பயன்படுத்துவோர் குறைந்துவிட்டார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்தக் குறைவில் நாங்களும் உண்டு. அதற்குள் ஃபேஸ்புக்குக்குப் போயிருந்தோம். 2018 டிசம்பரில் ஃபயர்பாக்ஸும் தன்னிடமிருந்த ஓடை வசதியை எடுத்துவிட்டது. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

நிறுவனங்கள் மூடிவிட்டன என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பிபிசி தமிழுக்கு ஓடை இருக்கிறது. வேர்ட்பிரஸ்ஸில் நடக்கும் தளம் எதுவானாலும், அதன் சொந்தக்காரருக்கே தெரியாவிட்டாலும், ஓடை கூடவே வரும். பெரும்பாலான பாட்காஸ்ட்கள் இன்றும் ஆர்எஸ்எஸ்ஸில்தான் ஓடுகின்றன. அந்தப் பக்கமிருந்து வருவது நிற்கவில்லை, வாங்கிப் படிப்பதை நாங்கள்தான் நிறுத்திவிட்டோம்.

இதில் எங்கள் ஊருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் வெள்ளகோவில் கடைமடை. சுமார் 3.77 லட்சம் ஏக்கரை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, முறைவைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். திருமூர்த்தி அணையில் மதகு திறந்தால், வழியெல்லாம் குறைந்து குறைந்து கடைசியில் எங்களுக்கு வந்து சேர வேண்டும். எந்த மண்டலத்துக்கு, எந்தத் தேதியில், எத்தனை சுற்று என்பதைப் பொறுத்தே இங்கே விதை வாங்குவதும் உழுவதும். அப்படிப்பட்ட ஊரில் "தண்ணி எப்பங்க உடறாங்களாம்?" என்று ஒரு பெரியவர் கேட்டால், அறிவிப்பு வந்த இடத்தைத் தேடிப் பார்க்காமல் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து காட்டுகிறோம். அதில் இருப்பது இந்த ஆண்டு அறிவிப்பா, போன முறை அறிவிப்பா என்று தேதி பார்ப்பவர்கள் குறைவு. அறிவிப்பின் படத்தை வெட்டி அனுப்பும்போது தேதி பல சமயம் வெட்டுப்பட்டுப் போகிறது. ஓடையில் தலைப்போடு நாளும் நேரமும் ஒட்டிக்கொண்டே வரும். அந்தப் பெரியவரைத் தவறாக அனுப்பிவைத்தால் அந்தப் பொறுப்பு கைப்பேசிக்கு இல்லை, எங்களுக்குத்தான்.

இதைவிட என் மனத்தை உறுத்துவது பிள்ளைகள் விஷயம். 2011இல் அரசு இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எங்கள் பகுதி அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது கூகுள் ரீடரே உயிரோடு இருந்தது. சினிமாப் பாட்டு ஏற்றிக் கொடுக்க ஆள் இருந்தது. 'நீ படிக்க விரும்பும் பத்து இடங்களை நீயே தேர்ந்து இதில் போட்டு வை' என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுக்க நாங்கள் போகவில்லை. அரை மணி நேர வேலை அது. அந்தப் பிள்ளைகள் இன்று வேலைக்குப் போகிறார்கள். எதைப் படிப்பது என்பதை அவர்களுக்காக வேறு எவரோ தீர்மானிக்கிறார்கள்.

வாங்குவதை விட்டதுபோல, கொடுப்பதையும் நாங்கள் தொடங்கவே இல்லை. இங்கே ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காய் வரத்து. மர முருங்கை என்ன விலை, செடி முருங்கை என்ன விலை, கரும்பு முருங்கை என்ன விலை என்பது மூலனூர், முத்தூர்ப் பக்கத்து விவசாயிக்கும் வேண்டும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் தேங்காய்ப் பருப்பு ஏல விலையும் அப்படித்தான். காசில்லாத ஒரு தளத்தில் வாரம் நான்கு வரி தட்டினால் போதும், ஓடை தானாகப் போகும். எண்ணெய் மில் ஆபீஸில் இருக்கும் அதே கம்ப்யூட்டரிலேயே, டேலியை மூடியபின் ஐந்து நிமிடத்தில் முடிக்கலாம். இத்தனை வருடமும் அந்த ஐந்து நிமிடத்தை நாங்கள் ஒதுக்கவில்லை.