தேருக்கு வந்த பழி

விடுமுறைக்கு வாசுதேவநல்லூர் வந்திருந்த பேரன், நாளிதழில் ஒரு சொல்லைச் சுட்டி, “தாத்தா, ‘ஜக்கர்நாட்’ என்றால் என்ன?” என்று வினவினான். “எதிர்ப்பட்டதையெல்லாம் நசுக்கிச் செல்லும் பெருஞ்சக்தி” என்றேன். இங்கிலாந்தில் பெரிய சரக்கு லாரிக்கும் அதுவே பெயர். வங்கிப் பணியில் இருந்தபோது அறிக்கைகளில் நானும் அச்சொல்லைக் கையாண்டதுண்டு.

பின்னர் அகராதியில் அதன் மூலத்தைக் கண்டு மனம் துணுக்குற்றது. அது பூரி ஜகந்நாதரின் திருநாமம்! ஜகத் என்பது உலகம். நாதர் என்பவர் தலைவர். உலகைக் காப்பவரின் பெயருக்கு இப்பொருள் எவ்வாறு வந்தது?

பதினான்காம் நூற்றாண்டில் பாரதம் வந்த ஒடோரிக் என்னும் இத்தாலியத் துறவி, தேர்ச்சக்கரத்தின் கீழ் பக்தர்கள் தாமே விழுந்து உயிர்விடுவதாக எழுதினார். 1806இல் பூரிக்குச் சென்ற புக்கானன் என்னும் பாதிரியார் அத்தகைய செய்திகளையே தம் நூலில் பரப்பினார். பதினாறு சக்கரங்களுடன் அசைந்துவரும் ஜகந்நாதர் தேர், மேல்நாட்டார் மனத்தில் கொலைக்கருவியாகப் பதிந்தது.

1872இல் ஒரிசாவைப் பற்றி நூல் எழுதிய ஹண்டர் என்னும் பிரிட்டிஷ் அதிகாரி, இதனை மறுத்தார். நெரிசலில் தவறி விழுந்து இறந்தோர் உண்டு. ஆயின் உயிர்ப்பலி அச்சந்நிதியின் நெறிக்கே முரணானது, அங்கு ஒரு துளி இரத்தம் சிந்தினாலும் தீட்டாகக் கருதப்படும் என்று விளக்கினார். மறுப்பு நூலுக்குள் உறங்கியது. பழி அகராதியில் ஏறிவிட்டது.

இதனைக் கேட்ட பேரன், “வெள்ளைக்காரர்கள் செய்தது தவறுதானே?” என்றான். ஆம் என்று சொல்ல வாயெடுத்தவன், தயங்கினேன். நம் ஊர்த் தேரோட்டங்களில், உருளும் சக்கரத்தின் அருகே குனிந்து முட்டுக்கட்டை இடுபவரை எண்ணிப் பார்த்தேன். தேரை நிறுத்தவும் திருப்பவும் செய்து, வடம் பிடிப்போர் உயிரைக் காப்பவர் அவர். நாமோ, நற்காரியத்தைக் கெடுப்பவனையே ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்கிறோம்!

தேரின் பெயரை அயலார் கெடுத்தனர். தேரைக் காக்கும் கட்டையின் பெயரை நாமே கெடுத்தோம். அடுத்த தேரோட்டத்தில் சுவாமியைச் சேவித்தபின், சக்கரத்தருகே வியர்வை வழிய நிற்கும் அவரையும் பேரனுக்குக் காட்டுவதாக இருக்கிறேன்.