கிரீஸ் விவகாரம் என்று சிரித்தவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

இன்று மே 10. 1857இல் மீரட்டில் சிப்பாய்கள் எழுந்த நாள். வழக்கம்போலக் காலையில் நம் குடும்பக் குழுவில் நாலு வரி போட்டேன். என் அண்ணன் பேரன், எஞ்சினியர், உடனே கேட்டான்: "தாத்தா, ஒரு கிரீஸுக்காகவா இவ்வளவு பெரிய சண்டை? சுத்த மூடநம்பிக்கைதானே?" கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சிரித்தவர்களில் நாலு பேர் என்னிடமே எட்டாம் வகுப்பில் அந்தப் பாடத்தைப் படித்தவர்கள். அவனுக்குப் பதில் சொல்வதாக நினைத்து இன்னொருவர் ஒரு ஃபார்வர்டு போட்டார். மதத்தை அழிக்கவே வெள்ளைக்காரன் திட்டம் போட்டுக் கொழுப்பைத் தடவினானாம்.

இரண்டும் தப்பு. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

எஞ்சினியர் தம்பி, முதலில் உன் பாஷையிலேயே பேசுவோம். பழைய துப்பாக்கியின் குழாய் உள்ளே வழவழப்பாக இருக்கும். ஈயக் குண்டு தொளதொளவென்று உள்ளே போகும், குறி தவறும். என்ஃபீல்டு ரைஃபிளின் குழாய்க்குள் மரை வெட்டியிருக்கும். குண்டு அந்த மரையைப் பற்றிச் சுழன்று போனால்தான் குறி தப்பாது. ஆனால் அவ்வளவு இறுக்கமான குண்டை வாய்ப்பக்கமாக எப்படி உள்ளே தள்ளுவது? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குழாயின் விட்டம் 0.577 அங்குலம், குண்டின் விட்டம் 0.568. இடைவெளி கால் மில்லிமீட்டர்கூடக் கிடையாது. குண்டின் அடிப்பக்கம் குழிவாக இருக்கும். மருந்து வெடித்ததும் மெத்தென்ற ஈயம் விரிந்து மரையைப் பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவு சின்ன இடைவெளியில் கரிமருந்துப் புகைக்கரி படிந்தால் பத்து வெடிக்குப் பிறகு குண்டு உள்ளே இறங்காது. அதனால் குண்டு இருக்கிற பக்கத்துக் காகிதத்தைக் கொழுப்பில் தோய்த்தார்கள். அதாவது வழவழப்பு ஏதாவது வேண்டும் என்பது உண்மை. அதை யாரும் மறுக்கவில்லை, சிப்பாய்கூட மறுக்கவில்லை. ஆனால் "வழவழப்பு வேண்டும்" என்பது ஒரு கேள்வி, "எந்தப் பொருளால்" என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்வியில்தான் சாம்ராஜ்யமே ஆட்டம் கண்டது.

கொழுப்பு தவிர வேறு வழியே இல்லையா? தேன்மெழுகு இருந்தது. எண்ணெய் இருந்தது. நம் மலையடிவாரத்தில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் மெழுகையும் தேங்காயெண்ணெயையும் காய்ச்சிக் குழைத்துத் தந்திருப்பாள். விலங்குக் கொழுப்பு சுலபம், மலிவு. கல்கத்தாவில் ஒப்பந்தக்காரர் கொண்டுவந்து கொட்டினார். அது எந்த விலங்கின் கொழுப்பு என்று யாரும் அக்கறையாக விசாரிக்கவில்லை. ஃபார்வர்டு போட்ட அன்பரே, கவனியுங்கள். இதில் மதத்தை அழிக்கும் சதித்திட்டம் ஒன்றும் இல்லை. சதி செய்யவாவது எதிராளியைப் பற்றி யோசிக்க வேண்டும். இவர்கள் யோசிக்கவே இல்லை. அதுதான் குற்றம்.

தெரியாமல் செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 1853இலேயே இந்தத் தோட்டாக்களைச் சோதனைக்காக இந்தியாவுக்கு அனுப்பினார்கள். எதைச் சோதித்தார்கள் தெரியுமா? நம் வெயிலைக் கொழுப்பு தாங்குமா என்று. அதை வாயில் வைக்கப்போகிற மனிதன் தாங்குவானா என்று சோதிக்கவில்லை. அந்த வருஷ டிசம்பரிலேயே வங்காளப் படையின் அட்ஜுடன்ட் ஜெனரல் கர்னல் டக்கர் எழுத்தில் எச்சரித்தார்: ஆட்சேபத்துக்கு இடமில்லாத கொழுப்பு என்று உறுதியாகத் தெரியாவிட்டால் இந்தியச் சிப்பாய்களிடம் கொடுக்காதீர்கள் என்று. கடிதம் ஃபைலுக்குள் போனது, அவ்வளவுதான்.

அதற்கும் முன்னே நம் தமிழ்நாட்டிலேயே பாடம் நடந்துவிட்டது. 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டை. புதுத் தலைப்பாகை, அதில் தோல் குஞ்சம், நெற்றியில் சமயக் குறி கூடாது என்ற உத்தரவு. விளைவு ரத்த ஆறு. ஆளுநர் பெண்டிங்கையும் தளபதி கிராடக்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. ஐம்பது வருஷம் கழித்து அதே கம்பெனி அதே தவறைத் தலையிலிருந்து வாய்க்கு இறக்கியது.

இன்னொன்று. கொழுப்பு தோய்த்த முனை வேறு, பல்லால் கடிக்கிற முனை வேறு. பெரும்பாலான சிப்பாய்கள் அந்தத் தோட்டாவைத் தொட்டதே இல்லை. 1857 ஜனவரி கடைசியில் "நீங்களே உங்களுக்குப் பிடித்ததைத் தடவிக்கொள்ளுங்கள்" என்று அரசு இறங்கி வந்தது. பிறகு கடிக்க வேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்றார்கள். ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 90 குதிரைப்படை வீரர்களில் 85 பேர் வாங்க மறுத்தது பழைய மாதிரித் தோட்டாவைத்தான். அப்படியென்றால் அவன் முட்டாளா? இல்லை தம்பி. அயோத்தி அரசை 1856இல் விழுங்கினார்கள். அதே வருஷம், புதிதாகச் சேர்கிற சிப்பாய் கடல் கடந்தும் போக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். இத்தனைக்கும் பிறகு ஒருவன் "நம்பு, இது நல்ல மெழுகுதான்" என்றால் யார் நம்புவார்கள்? நம்பிக்கை போன பிறகு பொருளை மாற்றிப் பிரயோசனம் இல்லை. பின்னாளில் ஆங்கிலப் படையே தேன்மெழுகுக்கு மாறியது. அந்தப் புத்தியை முன்னாலேயே காட்டியிருக்கலாம்.

இப்போது நான் வெட்கப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன்.

இந்தச் செய்தி முதலில் எப்படி வெளியே வந்தது? கல்கத்தா பக்கம் டம்டம். தோட்டா செய்யும் இடத்தில் வேலை பார்த்த ஒரு தொழிலாளி, தாகத்துக்கு ஒரு பிராமணச் சிப்பாயிடம் அவர் சொம்பில் தண்ணீர் கேட்டார். சாதியைக் காட்டி அவர் மறுத்தார். "இருங்கள், பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவின தோட்டாவைக் கடிக்கும்போது உங்கள் சாதி எங்கே போகும்?" என்ற கருத்தில் இவர் திருப்பிக் கேட்டார். வடநாட்டுத் தலித் மக்கள் அவரை மாதாதீன் என்று பெயர் சொல்லி நினைவு வைத்திருக்கிறார்கள்.

நான் பாடம் எடுத்த காலம் முழுக்க மங்கள் பாண்டேயைச் சொன்னேன். மார்ச் 29, தூக்கு ஏப்ரல் 8 என்று தேதியோடு ஒப்பிக்க வைத்தேன். இந்தத் தண்ணீர்ச் சொம்பை ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. ஏன்? என் வகுப்பிலேயே தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் தயங்கி நின்ற பிள்ளைகள் இருந்தார்கள். சொன்னால் பிரச்சினை வரும் என்று பயந்தேன். கம்பெனி சிப்பாயைக் கேட்கவில்லை. சிப்பாய் தொழிலாளியை மதிக்கவில்லை. வாத்தியார் உண்மையைச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளில் யாராவது இதை வாசித்தால், மன்னித்துவிடுங்கள் அய்யா.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்காதீர்கள். ஒருமுறை ஆய்வுக்கூடத்துக்கு ஸ்டூல் வாங்கும் பொறுப்பு எனக்கு வந்தது. மூன்று கொட்டேஷன் வாங்கி, குறைந்த விலைக்கு முடித்து, கணக்கைச் சரியாக எழுதினேன். தணிக்கையில் ஒரு குறையும் இல்லை. ஸ்டூல் உயரம். ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் பாவாடையோடு ஏற முடியாமல் வருஷம் முழுக்க நின்றுகொண்டே செய்முறை பார்த்தார்கள். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லிப் பார்த்திருந்தால் போதும். தோன்றவில்லை.

உங்களில் இன்று கொள்முதல் அதிகாரிகள் இருக்கிறீர்கள், தலைமையாசிரியர்கள் இருக்கிறீர்கள், கம்பெனி நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். கருவியோ பொருளோ வாங்கும்போது அளவு பாருங்கள், விலை பாருங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அதைக் கையிலும் வாயிலும் எடுக்கப்போகிற ஆளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள். அவன் வேண்டாம் என்றால் மூடநம்பிக்கை என்று சிரிக்காதீர்கள். ஏன் என்று கேளுங்கள்.

வாஞ்சிநாதன் பிறந்த செங்கோட்டைக்குப் பக்கத்திலிருந்துகொண்டு சிப்பாயைப் பார்த்துச் சிரிக்கிறோமே என்ற ஆதங்கத்தில் எழுதினேன். கீழே "அருமை சார்" என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். பேரனே, நீ முதலில் எழுது.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
புளியறை